ரெசின் பூசிய போர்ட்

தில்லையடியில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், முஹ்ஸினுடைய பெண்சாதி றைஸா என்ன வேலை செய்கிறாள் என்று. பள்ளிவாசல் ஒழுங்கையில் சில்லறைக் கடை வைத்திருப்பவர் "கொம்பியூட்டர் வேலை" என்பார். முன்வீட்டுத் தையல்காரி "வெளிநாட்டுக் கொம்பனிக்கு என்னமோ செய்யிறா" என்று உதட்டைப் பிதுக்குவாள். ஒருநாள் பின்வீட்டுக்காரர் காகிதச் சுருளோடு வந்து நின்று, "புள்ள, நீங்க பிளான் கீறுறீங்களாமே, எங்கட வீட்டுக்கும் ஒரு மேல்மாடி கீறித் தாங்களேன்" என்று கேட்டார். மனிதரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் அவள் கீறியும் கொடுத்தாள். அந்த மேல்மாடி இன்றைக்கும் நிற்கிறது. படிக்கட்டு மட்டும் கொஞ்சம் ஒடுக்கம். மில்லிமீட்டரில் பழகிய கைக்கு மனிதர்களின் இடுப்பளவு எங்கே தெரியப் போகிறது?

அவள் கீறுவது சர்க்கிட் போர்ட். அதிலும் ரேடியோவுக்கும் ஃபேனுக்கும் கீறுகிறவள் அல்ல. வானத்தில் சுற்றுகிற செய்மதியிலிருந்தும் ரேடாரிலிருந்தும் வருகிற, ஒரு செக்கனுக்குள் நூறு கோடி தடவைக்கு மேல் அதிர்கிற சிக்னல்களுக்குத்தான் அவள் பாதை போடுகிறாள். சாதாரண மின்சாரம் பரம சாது. செப்புக் கம்பி ஒன்று இருந்தால் போதும், வளைத்தாலும் நெளித்தாலும் முணுமுணுக்காமல் போய்விடும். இந்தச் சிக்னல் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பாதையின் அகலம் மயிரிழை பிசகினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போகும். மூலை கூராக இருந்தால் பிடிக்காது. கீழே விரித்திருக்கும் செப்புத் தளத்தில் ஓரிடத்தில் வெட்டு விழுந்திருந்தால் அதுவும் பிடிக்காது. இதையெல்லாம் அவள் ஒருநாள் மாமியாருக்கு விளங்கப்படுத்தினாள். மாமி கேட்டுவிட்டு, "எங்கட மூத்த மருமகனப் போல எண்டு சொல்லு. கதிரையத் துடைச்சுப் போட்டாலும் குந்த மாட்டார்" என்றார்.

படித்து முடித்துக் கொழும்பில் ஒரு கொம்பனியில் சேர்ந்து, கலியாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே அதே வேலையைச் செய்கிறாள் றைஸா. சம்பளத்தில் குறையில்லை, மரியாதையில் குறையில்லை. ஒரேயொரு குறைதான். இத்தனை வருஷத்தில் தான் கீறிய ஒரு போர்டையாவது அவள் கையால் தொட்டதில்லை.

நம்பமாட்டீர்கள், ஆனால் அந்த வேலையின் போக்கே அப்படித்தான். இவள் திரையில் கீறி அனுப்புவாள். அது கொழும்புக்குப் போகும், அங்கிருந்து வேறொரு நாட்டு ஃபக்டரிக்குப் போகும். ஃபக்டரியில் செப்பும் கண்ணாடி நாரும் சேர்ந்து போர்டாகி, இன்னொரு நாட்டில் காத்திருக்கும் ஆட்களிடம் போய்ச் சேரும். இவளிடம் ஒரு மின்னஞ்சல் மட்டும் வரும்: வேலை செய்கிறது, நன்றி. வேலை செய்கிறதாம்! எப்படிச் செய்கிறது, எதைக் கேட்கிறது, தொட்டால் சுடுமா, என்ன நிறம், ஒன்றும் தெரியாது. "பெத்தவளுக்குக் காட்டாமலே புள்ளையத் தூக்கிக்கொண்டு போற மாதிரி" என்று ஒருநாள் முஹ்ஸினிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

முஹ்ஸினுக்குக் கற்பிட்டி வீதியில், கடல் உள்ளே புகுந்து தேங்கிக் கிடக்கிற களப்பின் கரையோரம் ஒரு பட்டறை. மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு ஃபைபர் வள்ளம் செய்வான். கண்ணாடி நார்த் துணியை அச்சில் விரித்து, ரெசினைத் தூரிகையால் தோய்த்துத் தோய்த்து, அடுக்கு மேல் அடுக்காக ஏற்றுவான். வள்ளத்தைத் தவிர இன்னொரு வேலையும் அந்தப் பட்டறைக்கு வரும். இந்தக் கரையில் உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. ஃபேன், டிவி, வாசல் மணி, எல்லாவற்றின் உள்ளேயும் புகுந்து செப்பைப் பச்சையாக்கித் தின்றுவிடும். அதனால் புதிதாக ஒரு ஜீபீஎஸ்ஸோ வோக்கி டோக்கியோ வாங்குகிற மீனவர்கள் அதைக் கடலுக்குக் கொண்டுபோகும் முன் முஹ்ஸினிடம் கொண்டுவருவார்கள். அவன் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் போர்டில் மெல்லியதாக ரெசின் பூசிக் காயவைத்துக் கொடுப்பான். "பூசாத சாமான் பேசாது" என்பது அவனுடைய வாய்ப்பாடு. பாலாவி தொடங்கிக் கற்பிட்டி முனை வரைக்கும் அதைச் சொல்லாத மீனவர் இல்லை.

இப்படியிருக்கும்போதுதான் நிலுக்சன் அழைத்தான். றைஸாவோடு ஒன்றாகப் படித்தவன், இப்போது கொழும்பில் அவளுடைய குழுவுக்குத் தலைவன்.

"றைஸா, வானிலைச் செய்மதி போர்ட் ஒண்டு கீறினீங்களே, அந்தக் குளிர் நாட்டுக்காரங்களுக்கு. ஃபக்டரி ஒரு போர்ட் கூடுதலாச் செஞ்சு அனுப்பியிருக்கு. அவங்களுக்கு வேணாமாம். உங்களுக்கு அனுப்பவா?"

அவள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஹலோ? லைன் இருக்கா?"

"இரிக்கு, இரிக்கு. அனுப்புங்க. இண்டைக்கே அனுப்புங்க நிலுக்சன்."

அந்த போர்ட் எதற்கென்றால், வானத்தில் வடக்கும் தெற்குமாக ஓடுகிற செய்மதியொன்று தான் காணும் பூமியைப் படம் பிடித்து, வரி வரியாகக் கீழே அனுப்பிக்கொண்டே போகும். யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம், களவில்லை. ஆனால் அந்தச் சிக்னல் கீழே வந்து சேரும்போது குற்றுயிராகத்தான் இருக்கும். றைஸாவின் போர்டில் செப்பினால் விரல் விரலாக ஒரு வடிகட்டி உண்டு. அது மற்ற எல்லாச் சத்தத்தையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, அந்த ஒன்றை மட்டும் உள்ளே விடும். உள்ளே வந்ததைப் பக்கத்திலிருக்கும் சின்னஞ்சிறு சிலிக்கன் சில்லு பெருப்பித்துக் கொடுக்கும். பழைய டிவி டிஷ் ஒன்றும் லெப்டொப்பும் இருந்தால், காலை ஒன்பதரைக்குச் செய்மதி தலைக்கு மேலே போகும்போது இந்தக் கரையின் படமே வீட்டுக்குள் வந்து விழும்.

றைஸாவுக்கு வேண்டியது அதுதான். யுத்தத்தில் இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்திருந்த அவளுடைய உம்மாவும் வாப்பாவும், யுத்தம் முடிந்த கையோடு மன்னார்ப் பக்கத்துச் சிலாவத்துறைக்குத் திரும்பிப் போய்க் காடு வெட்டி வீடு கட்டிக்கொண்டார்கள். இவள் வாழ்க்கைப்பட்டது இங்கே. இடையிலுள்ள காட்டுக்குள்ளால் போகும் நேர்ப் பாதை மறிபட்டுக் கிடக்க, ஊரெல்லாம் சுற்றிப் போய்த்தான் உம்மாவைப் பார்க்கவேண்டும். அந்தப் படத்தில் சிலாவத்துறையும் தில்லையடியும் ஒரு நகக்கண் இடைவெளியில் இருக்கும். இரண்டையும் ஒன்றாக, தான் கீறிய போர்டின் வழியாகப் பார்க்கவேண்டும்.

போர்ட் வந்தது. பிஸ்கட் அளவுதான். பச்சை உடம்பு, தங்கம் போல் மினுங்கும் விரல்கள். றைஸா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். "இவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு காலம் முதுகு வளைச்சாய்?" என்று மாமி கேட்டது அவள் காதில் விழவேயில்லை. சோறு சாப்பிடும்போதும் மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் அது இருந்தது.

அடுத்த நாளே சிலாவத்துறையிலிருந்து வாப்பாவுக்குக் காய்ச்சல் என்று செய்தி. டிஷ்ஷை மொட்டை மாடியில் ஏற்றி வைக்கும்படி முஹ்ஸினிடம் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். வாப்பாவுக்குக் குணமாகி அவள் திரும்பி வந்தபோது டிஷ் தயாராக இருந்தது. அதைவிட ஒரு புதுமையும் காத்திருந்தது. போர்டுக்கென்று முஹ்ஸின் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி செய்திருந்தான், வள்ளத்துக்குச் செய்வது போலவே ஃபைபரில். வயர் பூட்டும் வாய் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மூடியை இறுக்கி ஆணி பூட்டியிருந்தான்.

"மாஷா அல்லாஹ்! எப்ப செஞ்சீங்க?"

"நீ இல்லாத வீட்டில வேற என்ன வேல?" என்றான். அவன் முகத்தில் இன்னும் ஏதோ சொல்லாத சந்தோஷம் இருந்தது. பிறகு ஆறுதலாகச் சொல்லுவோம் என்று வைத்துக்கொண்டானாம், பாவி மனிதன்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் றைஸா லெப்டொப்போடு நிழலில் உட்கார்ந்தாள். முஹ்ஸின் டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, செய்மதி போகும் வழியே மெல்ல மெல்லத் திருப்பவேண்டும்.

"இன்னும் மேல… கொஞ்சம் இடது பக்கம்… ஆட்டாதீங்க!"

"ஆட்டல்ல புள்ள, காத்து ஆட்டுது."

திரையில் ஒன்றுமில்லை. எறும்பு ஊர்வது போல இரைச்சல் மட்டும். செய்மதி வந்த வழியே தெரியாமல் போய்விட்டது. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். டிஷ்ஷைப் பிடிக்கத் தெரியவில்லை என்று அவனுக்கு நல்ல ஏச்சு. "வள்ளத்துக்குப் பூசுற கைக்கு இது எங்க வரும்" என்று வாய் தவறி ஒரு சொல்லும் வந்துவிட்டது. கடைசியில் அவள் ஆணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள்.

போர்ட் முழுக்கத் தேன் ஊற்றியது போல மினுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன இது?"

முஹ்ஸின் இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த சந்தோஷத்தோடு பக்கத்தில் வந்து குந்தினான். "ரெசின்தான். நீ போன அண்டைக்கே பூசிட்டன். ஜன்னலால உப்புக் காத்து அதுக்கு மேலயே அடிச்சிது, எனக்கு மனம் கேக்கல்ல. வயர் வாய்க்கெல்லாம் டேப் ஒட்டித்தான் பூசினன். ஒரு குமிழி இல்ல பாரு. இருவது வருஷத்துக்கு ஒண்டும் ஆகாது."

றைஸா அப்படியே சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டிருந்தாலாவது அவனுக்குத் தாங்கியிருக்கும்.

"என்ன? பூசக் கூடாதா? எல்லாருக்கும் பூசித்தானே குடுக்கிறன். ஒண்டும் பழுதானதில்லையே."

"அதில ஓடுறது வேற." அவள் ஒரு செப்பு விரலைத் தொட்டுக் காட்டினாள். "இந்தச் சிக்னல் செம்புக்குள்ள மட்டும் ஓடுறல்ல. பாதி கீழ ஃபைபருக்குள்ள ஓடும், பாதி மேல காத்துக்குள்ள ஓடும். காத்து இருக்கவேண்டிய இடத்தில நீங்க ரெசினை வெச்சிட்டீங்க. வெறுங் குடத்தையும் தண்ணிக் குடத்தையும் தட்டினா ஒரே சத்தமா வரும்? இது இப்ப வேற சத்தத்துக்குக் காத்துக்கொண்டிரிக்கு. நாங்க கேக்கவேண்டியதுக்குச் செவிடு."

அவன் தன் கைகளைப் பார்த்தான். "யா அல்லாஹ்" என்றான்.

ரெசின் காய்ந்தால் காய்ந்ததுதான், வள்ளக்காரனுக்கே தெரியும். றைஸா கத்தி நுனியால் ஒரு மூலையைக் கிளப்பிப் பார்த்தாள். ரெசினோடு சேர்ந்து அந்தச் சில்லும் பெயர்ந்து வந்தது. அதோடு முடிந்தது கதை. நிலுக்சனைக் கேட்டாள். மிச்சம் ஒன்றும் இல்லை, எல்லாம் போய்விட்டது என்றான்.

பிறகு வீட்டில் பேச்சில்லை. சோறு ஆக்கினாள், வேலை செய்தாள், தொழுதாள். முஹ்ஸின் வந்தால் அந்த அறையை விட்டு எழுந்து போனாள். அவன் பட்டறையிலேயே பாணும் பருப்பும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இருட்டி வந்தான். மாமிக்குப் பொறுக்கவில்லை.

"மகள், அவன் கெடுக்கிறதுக்குச் செய்யல்ல."

"தெரியும் மாமி. கெடுக்கச் செஞ்சிருந்தா நாலு ஏச்சு ஏசியிருப்பன், மனம் ஆறியிரிக்கும். ஆசையில செஞ்சதுக்கு எப்புடி ஏசுற?" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமியும் கூட இருந்து அழுதார். எதற்கு அழுகிறோம் என்று மாமிக்கு முழுதாக விளங்கவில்லை, அது வேறு விஷயம்.

அந்த வாரம் முடியும்போது நிலுக்சன் ஒரு படம் அனுப்பினான். குளிர் நாட்டுக்காரர்கள் அவளுடைய போர்டைப் பூட்டிப் பிடித்த முதற் படமாம். றைஸா திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கறுத்த கடல். வெள்ளை வெள்ளையாகப் பனி. எவ்வளவு துப்புரவான படம், ஒரு வரி தவறவில்லை. தன் போர்ட் கண் திறந்து பார்த்திருக்கிறது. பார்த்ததெல்லாம் அவள் ஒருநாளும் போகப் போகாத கடலை.

முஹ்ஸின் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"இதில எங்கட கடல் எங்க?"

பேசாமலிருந்த பிடிவாதம் மறந்துபோய், "இல்ல" என்றாள்.

"களப்பு?"

"இல்ல. இது வேற ஆக்கள்ட கடல்."

அவன் குனிந்து திரையிலிருந்த பனியை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "எல்லாருக்கும் கீறிக் குடுக்கிறாய். உனக்கெண்டு ஒண்டு கீறினா என்ன?"

சொன்னால் சிரிப்பீர்கள், அது அவளுக்கு ஒருநாளும் தோன்றியதேயில்லை. ஊருக்கெல்லாம் சமைக்கிறவள் தனக்கென்று அடுப்பு மூட்டுவாளா? அடுத்தவர் கேட்டதைக் கீறிக் கீறி, தனக்கும் ஒரு போர்ட் வேண்டுமென்று கேட்கத் தெரியாமல் போய்விட்டது.

"கீறலாம்" என்றாள் மெதுவாக.

"நான் கிட்டயும் வரமாட்டன். வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா, கையால தொடவும் மாட்டன்."

அன்றைக்கு முழுக்க யோசித்தாள். ரெசின் இல்லாமல் ஒரு போர்டை மொட்டை மாடியில் வைத்தால் அடுத்த நோன்புக்குள் செப்பு பச்சை பிடித்துவிடும். முஹ்ஸின் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உப்பு இல்லாத நாட்டு ஆட்களுக்குக் கீறியதைக் கொண்டுவந்து உப்புக்குள் வைத்தது யார்? அவள்தான். இந்தக் கரைக்கென்று ஒரு போர்ட் கீறுவதானால், இந்தக் கரையின் பழக்கத்தையும் சேர்த்தல்லவா கீறவேண்டும்?

அடுத்த நாள் அவள் பட்டறைக்கே போனாள். பழுதான போர்டும், சிக்னல் அளக்கிற உள்ளங்கையளவு கருவியும் அவள் பையில் இருந்தன. சில்லுத்தான் போய்விட்டதே தவிர, வடிகட்டியின் செப்பு விரல்கள் ரெசினுக்குள் அப்படியே கிடந்தன. ரெசின் ஏறியதால் அவை பிடிக்கிற அதிர்வு எவ்வளவு தூரம் கீழே இறங்கியிருக்கிறது என்று அளந்தாள்.

"இதுக்குப் பூசின அதே கனத்துக்குத் திரும்பவும் பூசுவீங்களா?"

முஹ்ஸின் தூரிகையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "எதுக்கு? நான்தான் சத்தியம் பண்ணிட்டனே."

"சும்மா துண்டுகளுக்கு."

பழைய போர்ட் துண்டுகளில் அவன் பூசினான், அவள் அளந்தாள். ஒன்று கனத்துப் போனது, ஒன்று ஓரத்தில் வழிந்தது, ஆனால் பெரும்பாலும் கை ஒரே சீராகத்தான் நின்றது. எதற்கென்று அவன் கேட்டான், அவள் சொல்லவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தளவு கோபம் மிச்சமிருந்தது.

இரண்டு மாதமாகக் கொம்பனி வேலை முடிந்த பிறகு அவள் தன் போர்டைக் கீறினாள். ஃபக்டரிக்குத் தன் பெயரிலேயே அனுப்பினாள். அது வந்து சேர்ந்ததும் கருவியைப் பூட்டிப் பார்த்தாள். மாமி எட்டிப் பார்த்தார்.

"இதுவாவது கேக்குதா மகள்?"

"இல்ல மாமி. இதுவும் செவிடுதான்" என்று சொல்லிச் சிரித்தாள். இந்தப் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மாமி வாய்க்குள் ஓதிக்கொண்டு போனார்.

பட்டறையில் முஹ்ஸின் ஒரு வள்ளத்தின் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். றைஸா புதுப் போர்டைப் பலகையில் வைத்து, வயர் வாய்களுக்குத் தானே டேப் ஒட்டி, தூரிகையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"பூசுங்க."

அவன் பின்வாங்கினான். "வேணாம் புள்ள. ஒருக்காச் செஞ்சது போதும். சத்தியமும் பண்ணிட்டன்."

"சத்தியத்த முறிச்சா மூணு நாள் நோன்பு பிடிங்க, நானும் கூடப் பிடிக்கிறன். செம்பு விரல எல்லாம் கட்டையா வெட்டித்தான் கீறியிரிக்கிறன். வெறுமனே இருந்தா இது ஒண்டையும் பிடிக்காது. உங்கட ரெசின் ஏறினாத்தான் அதிர்வு இறங்கி வந்து சரியான இடத்தில நிக்கும். விளங்குதா? நீங்க பூசாட்டி இது பேசாது."

அவன் விளங்கிக்கொள்ள நேரமெடுத்தது. விளங்கியதும் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினான். கையெல்லாம் ஃபைபர் தூள். "கண்ணில வெக்காதீங்க" என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவன் பூசினான்.

காய்ந்த மறுநாள் ஒன்பதரைக்கு இருவரும் மொட்டை மாடியில் நின்றார்கள். முஹ்ஸின் டிஷ்ஷைப் பிடித்திருந்தான். வடக்கு வானத்தை நோக்கி அதை நிமிர்த்தினான். லெப்டொப்பில் இரைச்சல். எறும்புகள். பிறகு எறும்புகள் ஒதுங்கின.

ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. மேகம். பிறகு ஒரு கரை. வரி வரியாக யாழ்ப்பாணம் இறங்கியது, மன்னார்த் தீவு நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது. அதற்குக் கீழே கரை உள்வாங்கி வளைகிற இடம், உம்மா இந்நேரம் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் இடம். றைஸா விரலால் திரையைத் தொட்டாள்.

"என்ன தெரியிது?" என்று முஹ்ஸின் அங்கிருந்து கத்தினான். அவனுக்குத் திரை தெரியாது. டிஷ்ஷை விட்டுத் திரும்பினால் படம் அறுந்துவிடும். "றைஸா! ஏதும் வருதா? சொல்லு புள்ள!"

காடு கறுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில், தில்லையடிப் பக்கத்துக் களப்பின் முதல் வெளிச்சம் ஒரு நூல் போல எட்டிப் பார்த்தது.

அவளுக்குக் கண் மறைத்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்.

"உம்மாட ஊர் வந்திட்டு. கைய எடுத்திராதீங்க… இப்ப நாங்க வாறம்."